டோம்னாவின் சமையற்கட்டு

விசிலை ஊதிவிட்டுத்தான் டோம்னா ஆளைப் பார்ப்பாள். "ஏம்மா நீலச் சட்டை! சுவர விட்டுக் கீழ இறங்கு. அது எங்க சமையற்கட்டு!" சுற்றுலா வந்தவள் எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும் பயந்து இறங்கிவிடுவாள். ஆதிகாலத்துச் சமையலறை என்று நினைத்து ஒரு படமும் எடுத்துக்கொள்வாள். டோம்னா சொல்வது, அவள் அம்மா மீன் வறுத்த இடத்தை.

லிமேனாஸ் துறைமுகத்தில் என் காப்பிக் கடைக்கு எதிரே, சுற்றிலும் கயிறு கட்டிய அகழாய்வுப் பள்ளமாகக் கிடக்கிறது அந்த இடம். முழங்கால் உயரத்துக்குப் பளிங்குச் சுவர்கள். அவற்றுக்கு அவள்தான் காவல். வைக்கோல் தொப்பி, ஆம்பிளைச் செருப்பு, மடியில் ஒரு பொட்டலம் சுருங்கிய கறுப்பு ஆலிவ். கொட்டையைக் கீழே துப்ப மாட்டாள். "பின்னால தோண்டுறவன் குழம்பிப்போவான்" என்று கைக்குட்டையில் முடிந்துகொள்வாள்.

கிணற்றைக் காட்டி, "இது அவங்களுது" என்பாள். பக்கத்து வெறும் மண்ணைக் காட்டி, "இங்கதான் எங்க எலுமிச்சை. பூத்துச்சுன்னா கப்பல்ல வர்றவனுக்கே வாசம் அடிக்கும்" என்பாள். 'அவங்க' போய் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. அவள் பேச்சில் அவர்கள் போன மாதம் வீடு காலிசெய்தவர்கள்.

பல வருஷங்களுக்கு முன், அவள் தம்பி ஸ்டெர்யோஸின் கல்யாணத்துக்கென்று வீட்டோடு சேர்த்து அறை கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள். பளிங்கு நிலைப்படி ஒன்று தட்டுப்பட்டது. "மண்ணப் போட்டு மூடிரலாம்க்கா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் அவன். அதற்குள் அவள் கையில் ஒரு சின்ன மண்கெண்டி இருந்தது, குழந்தைக்குப் பால் புகட்டுகிற மூக்கு வைத்தது. "இங்கயும் ஒருத்தி புள்ள வளத்திருக்காடா" என்றவள், தொல்லியல் துறைக்காரர்களிடம் தானே போய்ச் சொல்லிவிட்டாள்.

துறை அந்த இடத்தை எடுத்துக்கொண்டது; வீடு போயிற்று. எலுமிச்சையும் போயிற்று. குடிவைக்க இடமில்லாத மாப்பிள்ளை வேண்டாமென்று பெண் வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள். "இனிமே அந்தக் கல்லுதான் உனக்குக் கூடப்பொறந்தது" என்று சொல்லிவிட்டு ஜெர்மனிக்குப் போனான் ஸ்டெர்யோஸ். அம்மா சாவுக்கு வந்தபோதுகூட அவளோடு பேசவில்லை.

"நீ செஞ்சது சரிதானா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கெண்டிய நெனச்சா சரிங்குது. எலுமிச்சைய நெனச்சா தப்புங்குது. நான் என்னத்தச் சொல்ல?"

போன ஆகஸ்டில், மாதா திருநாளுக்கு வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள் எல்லாம் ஊர் வந்து இறங்கினார்கள். நரைத்த தலையோடு ஸ்டெர்யோஸும் வந்தான். என் கடையில் காப்பி வாங்கினான். அது ஆறிப்போகும்வரை எதிர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, சாலையைக் கடந்து, கயிற்றோரம் போய் நின்றான்.

"அம்மா கட்டில் எங்கக்கா கெடந்துச்சு? எனக்கு இடமே புடிபடல."

டோம்னா கயிற்றை அவிழ்த்து அவனை உள்ளே விட்டாள். கிழக்கு ஓரத்துத் தாழ்ந்த சுவரருகே அழைத்துப்போனாள். அங்கே குனிந்து, பாவாடை ஓரத்தால் கல்லின் தூசியைத் துடைத்துவிட்டு, உட்காரச் சொல்லி உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.