இரண்டு குதிரைக்கும் சிவப்புக் கொடி

அந்தச் சிவப்புக் கொடி ஷூவுக்கு உள்ளே ஒட்டும் லைனிங் துணி. கட்டிங் செக்‌ஷனில் நான்தான் வெட்டிக் கொடுத்தேன். எங்கள் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் பாய் அதை மூங்கில் குச்சியில் கட்டி எடுத்துக்கொண்டு, ஏரிக்கரைச் சாலையில் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயத்துக்கு வருவார். அங்கே அவர்தான் நடுவர். வண்டிகளுக்குப் பின்னால் ஓடும் ஜீப்பில் அவர் நிற்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரே ஆளின் இரண்டு குதிரைகள் ஓடலாம், ஆனால் இரண்டுமே ஜெயிக்க ஓட வேண்டும். ஒன்று மற்றவர் குதிரையை வழி மறித்து இன்னொன்று முந்தினால் இரண்டுக்குமே பரிசு கிடையாது. இது விதி. தோல் மண்டி முதலாளியின் குதிரை என்றால் மற்ற நடுவர்களுக்குக் கண் மங்கிவிடும். பாய்க்கு மங்கியதில்லை.

அந்த வருடம் அவருடைய சொந்தத் தம்பியே வெள்ளை, செவலை என்று இரண்டு குதிரைகளை இறக்கினார். அடுத்த வாரம் பாயின் மகளுக்கு நிக்காஹ். பெண்ணிடம் சம்மதம் கேட்டுவந்து சபையில் சொல்லும் வக்கீலாக இருக்க வேண்டியவர் அந்தத் தம்பிதான். அந்தப் பெண் சித்தப்பா தோளிலேயே வளர்ந்தவள்.

திருப்பத்தில், முன்னால் போன வெள்ளையைப் பிடிக்க ஒரு கறுப்புக் குதிரை பாய்ந்தது. நடுவில் ஓடிய செவலை அதன் குறுக்கே சாய்ந்தது. குதிரை மிரண்டுவிட்டது என்றே நினைத்தேன். பாய் குதிரையைப் பார்க்கவே இல்லை, ஓட்டுகிறவன் கழுத்தைப் பார்த்தார். "ஜெயிக்கணும்னு ஓட்றவன் முன்னாலதானடா பாப்பான்? இவன் கறுப்பு எந்தப் பக்கம் வருதுன்னு திரும்பித் திரும்பிப் பாத்து அந்தப் பக்கமே ஒதுங்குறான்."

வெள்ளை முதலில் வந்தது. வெடி போட்டார்கள். பாய் இறங்கிக் கொடியைத் தூக்கினார். "வெள்ளையும் இல்ல, செவலையும் இல்ல. கறுப்புக்குத்தான் பரிசு."

தம்பி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இன்னாண்ணே, ஷூவுக்கு ரிஜெக்ட் போட்ற மாதிரி என் குதிரைக்குமா?" கூட்டம் சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. தம்பியின் முகம் மாறியது. "அப்போ நிக்காஹுக்கு வேற வக்கீலப் பாத்துக்கோ."

"சரி" என்றார் பாய். கொடி இறங்கவில்லை. இன்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, மறிப்பது வீடியோவில் பளிச்சென்று தெரிகிறது. நடுவரோ மேடையில் சால்வை வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டுகிறார். எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வருகிறது.

நிக்காஹுக்குத் தம்பி வரவில்லை. பாயின் மச்சான்தான் வக்கீலாக உட்கார்ந்தார். பெண் அழுதாள். பந்தி முடிந்ததும் பாய் ஒரு தூக்கில் பிரியாணி போட்டு எடுத்துக்கொண்டு என் பைக்கில் ஏறினார். தம்பி வீட்டு வாசலில் தம்பி மனைவி தூக்கை வாங்கிக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "தீர்ப்பு தப்புன்னு சொல்லச் சொல்லு, சாப்புட்றேன்."

"தப்பில்ல. ஆறிப்போவுது, சாப்புடு" என்றார் பாய். கதவு சாத்திக்கொண்டது.

திரும்பும்போது கேட்டேன். "வருத்தமா இல்லியா பாய்?"

"இல்லாமயா? நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.