பால் பிடித்த வயலில் விழுந்த விமானம்

மலைத் தோட்டங்களுக்கு மேலே மருந்து தெளித்த காலத்தில் ஒருமுறை என் சிறு விமானத்தின் இன்ஜின் நின்றுபோனது. கீழே பாறையும் பள்ளமும்தான். ஒரு புல்சரிவில் மேட்டைப் பார்த்து இறக்கிவிட்டு, சிராய்ப்புகூட இல்லாமல் நடந்து வந்தேன். யாருக்கும் நஷ்டமில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றலானபோது நிம்மதியாக இருந்தது. எல்லாம் சமதரை, எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம் என்று நினைத்தேன்.

நன்னிலத்துக்கு அந்தப் பக்கம் சம்பாப் பயிரில் புகையான் பூச்சி விழுந்திருந்தது. தெளித்துவிட்டுத் திரும்பும்போது இன்ஜின் விக்கியது. முன்கண்ணாடி முழுக்க எண்ணெய் அடித்தது. தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். நேர் எதிரே, பிந்தி நட்ட வயலில் பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். இடப்பக்க வயலில் ஆள் இல்லை. பயிர் கதிர்விட்டுப் பால் பிடித்து நின்றது. அங்கே திருப்பினேன். சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது. தொட்டிகள் உடைந்து பெட்ரோலும் மிச்சமிருந்த மருந்தும் வயலெல்லாம் பரவின.

என்னை இழுத்து வரப்பில் போட்டவர் அந்த வயலின் குத்தகைக்காரர். குத்தகையைப் பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்ததிலிருந்து, அவரை வெளியேற்ற நிலக்காரர் முட்டி மோதிக்கொண்டிருந்தாராம்.

"மன்னிச்சுக்குங்க. எதிர் வயல்ல பொம்பளைங்க நின்னாங்க. அதான் இங்க திருப்பிட்டேன்."

முழங்கால் வரை சேற்றோடு ஓடிவந்து நின்ற அவர் மனைவி சொன்னார்: "அதுல நானும்தாங்க நின்னேன்."

அந்த அம்மாள் திட்டியிருந்தால் தேவலை. பயிரை அழித்ததோடு, அவர்கள் திட்டும் உரிமையையும் நான் பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

தோளில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். நிலக்காரரின் காரியஸ்தர் பழத்தோடு வந்தார். "வயல் தரிசாக் கெடந்துச்சுன்னு சொல்லிடுங்க சார். பயிர் நாசம்ங்கற பேச்சே வராது. உங்களுக்கும் நல்லது."

"பயிர் நின்னுச்சு. நான்தானே அது மேல விழுந்தேன்" என்றேன். தரிசு என்று எழுதிவிட்டால் குத்தகைக்காரர் அங்கே பயிர் வைத்ததற்குச் சான்றே இருக்காது. அதனால் அதையே தாசில்தார் முன்னாலும் போய்ச் சொன்னேன். குத்தகை குத்தகைக்காரர் பெயரிலேயே பதிவானது.

அடுத்த சம்பாவில் பார்க்கப் போனேன். விமானம் கிடந்த இடத்தில் மட்டும் பயிர் குட்டையாக இருந்தது. "அது சரியாயிடும் சார்" என்றார் குத்தகைக்காரர். போன வருஷம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒரத்தநாட்டுல எங்கண்ணன் வீட்டுல புள்ளைங்கள விட்டிருந்தோம்" என்றார் மனைவி. "சின்னதுங்க திரும்பி வந்து பள்ளிக்கூடம் போவுதுங்க. பெரியவ போகலைங்க. நடவுக்கு வர ஆரம்பிச்சுட்டா."

சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார்கள். இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்தேன். கை கழுவ அந்தப் பெரிய பெண்தான் தண்ணீர் ஊற்றினாள்.