இரண்டு பேரை முந்திய கதை

எண்பதுகளின் தொடக்கத்தில் திருப்பத்தூரில் விடிகாலையில் ஒருவன் ஓடினால், ஊர் அதற்கு இரண்டே காரணங்களைத்தான் ஒப்புக்கொள்ளும். பஸ் கிளம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் மாடு அவிழ்த்துக்கொண்டிருக்க வேண்டும். உடம்புக்கு நல்லது என்று ஓடுகிறோம் என்று சொன்னால், உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். பால்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, சர்க்கரை வியாதிக்குச் சிறுகுறிஞ்சான் சாப்பிடச் சொன்னார். எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு.

ஏரிக்கரையில் நாங்கள் மூன்று பேர் ஓடினோம். ஒருவர் அரசு மருத்துவமனையில் கம்பவுண்டர். இன்னொருவர் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். மூன்றாவது நான், தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா. மூன்றாவது என்று வரிசைக்காகச் சொல்லவில்லை. இரண்டு வருடம் ஓடியதில் ஒரு நாள்கூட நான் அவர்களுக்கு முன்னால் போய் மதகைத் தொட்டதில்லை. நான் போய்ச் சேரும்போது கம்பவுண்டர் வேர்வையைத் துடைத்து முடித்திருப்பார். மாஸ்டர் மதகின் மேல் உட்கார்ந்து, சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் துண்டுப் பென்சிலால் ஒரு கொக்கையோ எருமையையோ வரைந்துகொண்டிருப்பார். "வாய்யா, கிளார்க்கு! உனக்காகத்தான் சூரியனே காத்துக்கினு கீது" என்பார் கம்பவுண்டர். நானும் சிரிப்பேன்.

உள்ளுக்குள் எரியும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பத்தொன்பது வயதில் போலீஸ் வேலைக்கான தேர்வில் ஓடினேன். கோட்டைத் தொட நாலு எட்டு இருக்கும்போது விசில் ஊதிவிட்டார்கள். அந்த நாலு எட்டுதான் என்னைக் கொண்டுபோய் தாலுகா அலுவலக நாற்காலியில் உட்கார வைத்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, யாராவது ஒருவரை, கண்ணெதிரே முந்திவிட வேண்டும் என்பது எனக்கு வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டது. ஒலிம்பிக்கெல்லாம் நான் கேட்கவில்லை. இந்த இரண்டு பேர் போதும்.

அப்போதுதான் ஜவ்வாது மலையில் ஓட்டப் பந்தயம் என்று நோட்டீஸ் வந்தது. நெல்லிவாசலில் தொடங்கி, மண்ரோட்டில் மலையைச் சுற்றிக்கொண்டு, மறுபடி நெல்லிவாசலுக்கே வந்து சேர வேண்டும். இருபத்தொரு கிலோமீட்டர். இருபது என்று வைத்தால் என்ன என்று கேட்டேன். அரை மராத்தான் என்றால் அதுதான் கணக்கு என்றார் மாஸ்டர். ஒரு காரியத்தைப் பாதியில் நிறுத்துவதற்கு இத்தனை துல்லியமான கணக்கு இருப்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. அரசாங்க ஊழியனுக்கென்றே கண்டுபிடித்த பந்தயம்.

மூன்று பேரும் பெயர் கொடுத்தோம். கம்பவுண்டர் ஒரு நிபந்தனை போட்டார். "யாரும் யாரையும் வுட்டுட்டு போறதில்ல. கடைசியில மூணு பேரும் கைய கோத்துக்கினுதான் நாடாவ தொடணும். இன்னா சொல்றீங்க?" மாஸ்டர் உடனே கையை நீட்டினார். நானும் நீட்டினேன். மறுநாளிலிருந்து சாயங்காலங்களில், அவர்களுக்குத் தெரியாமல், ரயில்வே லைன் ஓரமாகத் தனியாக ஓடிப் பழக ஆரம்பித்தேன்.

பந்தய நாளன்று காலை ஆறரை மணிக்கே மைதானத்தில் நிற்க வேண்டும் என்றார்கள். நின்றோம். கொடி அசைக்க வேண்டிய பெரிய மனிதர் ஒன்பதரைக்கு வந்தார். அதற்குள் நாங்கள் கொண்டுபோன குளுக்கோஸ் பொட்டலங்களைத் தின்று தீர்த்துவிட்டோம். நான் சாக்பீஸ் தேய்த்து வெளுத்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தேன். கம்பவுண்டர் தன் பழைய என்.சி.சி. காக்கி அரை டிராயரில் வந்திருந்தார். மாஸ்டர் பள்ளியிலிருந்து விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, யாராவது பின்தங்கினால் ஊதிக் கூப்பிட என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

மலை இளைஞர்கள் முப்பது பேர் வெறுங்காலோடு நின்றார்கள். நெஞ்சில் நம்பர் எழுதிய அட்டையைக் குத்திக்கொள்ள அவர்களில் பாதிப் பேருக்குச் சட்டையே இல்லை. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முதல் வளைவு திரும்பும்போது ஒருவரையும் காணோம். முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது. அடேயப்பா, என்ன வேகம் என்று வியந்துகொண்டே ஓடினோம்.

ஏழெட்டு கிலோமீட்டர் வரை மூன்று பேரும் ஒன்றாகத்தான் போனோம். ஒரு ஏற்றத்தில் கம்பவுண்டருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் மண்டியிட்டு அவர் காலை நீவிவிட்டார்.

"ரெண்டே நிமிசம்யா, சரியாய்டும்" என்றார் கம்பவுண்டர்.

"மெதுவா போய்க்கினே இருக்கேன், வாங்க" என்றேன்.

வளைவு மறைக்கும்வரை மெதுவாகத்தான் போனேன். மறைத்ததும் பிடித்தேன் ஓட்டம். அப்படி நான் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. மனசு முழுக்கச் சந்தோஷம். கொஞ்சம்கூட வெட்கமில்லை.

மேலும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தாண்டி, ரோட்டிலிருந்து ஓர் ஒற்றையடிப் பாதை பிரிந்தது. புழுதியில் வெறுங்கால் தடங்கள் நிறைய அந்தப் பக்கம் இறங்கியிருந்தன. அப்போதுதான் முப்பது பேரும் மாயமான ரகசியம் விளங்கியது. முதல் வளைவிலேயே காட்டுக்குள் இறங்கி, குறுக்கே வெட்டிக்கொண்டு வந்து, இங்கே ரோட்டைத் தாண்டி மறுபடி குறுக்கே போயிருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. மலையைச் சுற்றிக்கொண்டு போ என்று வேலையற்றவன்தான் சொல்வான். நான் அந்த இடத்தில் கால் மணி நேரம் நின்றேன். நேர்மையைப் பற்றி யோசித்தேன். பிறகு பாதையில் இறங்கினேன்.

இறங்கி நூறு அடி போயிருப்பேன். பின்னால் விசில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் காக்கி டிராயர் நொண்டியபடி வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கையை ஆட்டினார். நான் வழிதவறிப் போகிறேன் என்று எண்ணி, திருப்பிக் கூட்டிப்போக அவர்களும் ரோட்டை விட்டு இறங்கினார்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. பிடித்துவிடுவார்கள் என்றுதான் தெரிந்தது. ஓடினேன். விசில் துரத்தியது.

பாதை ஒரு சின்ன ஊருக்குள் போயிற்று. பத்துப் பன்னிரண்டு வீடுகள். முதல் வீட்டு வாசலில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி புளி உலர்த்திக்கொண்டிருந்தாள். வேர்த்து விறுவிறுத்து, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடி வருகிற என்னைப் பார்த்தாள். தூரத்தில் காக்கியைப் பார்த்தாள். விசிலைக் கேட்டாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உள்ள போ சாமி, உள்ள போ. வாய தொறக்காத."

அந்தக் காலத்தில் மலையில் சந்தனக்கட்டை சமாச்சாரம் பெரிதாக இருந்தது. வெட்டியவன் ஓடுவான், வெட்டாதவனும் ஓடுவான். ஓடி வருகிறவனை யார், என்ன என்று அந்த ஊரில் கேட்பதில்லை. முதலில் ஒளித்து வைப்பார்கள். கேள்வியெல்லாம் பிறகுதான். இது எனக்கு அப்போது தெரியாது. தண்ணீர் கொடுக்கக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து வாசல்படியில் காலை வைத்தேன்.

"செருப்ப கயட்டு!" என்று ஒரு அதட்டல் போட்டாள். "தானியம் இருக்கிற வூடு."

உயிர் போகிற அவசரத்திலும் அந்த வீட்டுக்குள் செருப்புக்காலோடு போகக்கூடாது. ஷூவைக் கழற்றி வாசலில் விட்டேன். அவள் அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டு, என்னை மூங்கிலில் பின்னி மண் பூசிய பெரிய தானியத் தொம்பைக்குப் பின்னால் உட்கார வைத்தாள். சாமை வாசனை மூக்கில் ஏறியது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது.

வாசலில் கம்பவுண்டரின் குரல் கேட்டது. "யம்மா, இந்தப் பக்கம் வெள்ள பனியன் போட்ட ஆளு ஒருத்தரு ஓடியாந்தாரா?"

"யாரும் வரல சாமி. காலையிலேர்ந்து நான் இங்கியேதான கீறேன்."

"அவரு எங்க சிநேகிதருமா" என்றார் மாஸ்டர்.

"புடிக்க வர்றவங்க எல்லாரும் அப்டிதான் சொல்றாங்க."

இங்கே நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். "இதோ இருக்கேன்" என்றால் முடிந்தது. அவர்கள் குரலில் பதற்றம் இருந்தது. கம்பவுண்டர் என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார். கூப்பிட்டது என் காதில் நன்றாக விழுந்தது. எழுந்து போனால் மூன்று பேரும் கைகோத்து ஓட வேண்டும். நான் தொம்பையோடு ஒட்டிக்கொண்டேன். வெளியே கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மாஸ்டர் இருமுவது கேட்டது. அதன்பின் காலடிச் சத்தம் விலகிப் போயிற்று.

அவள் ஒரு சொம்பில் கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்கும்போது சொன்னாள்: "எங்க வூட்டுக்காரர இப்டிதான் ஒருநாளு இட்டுக்கினு போனாங்க. மாட்டுக்குத் தழ வெட்டப் போன மனுசன். வந்து சேர ஆறு மாசம் ஆச்சி." அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தப்பு செய்யாமல் மாட்டிக்கொண்டவனுக்கு வைத்திருந்த இடத்தில், சிநேகிதர்களிடமிருந்து ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கூழ் நன்றாக இருந்தது.

"போய்ட்டாங்களா?" என்றேன்.

எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "எங்க போனாங்க? எதுருக்க புளியமரத்தடியில உக்காந்துக்கினு இருக்காங்க. ஒருத்தன் அட்டையில இன்னாவோ எழுதறான். உன்மேல கேசு எழுதறாம்போல."

அவர் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பார், அது அவர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். நொண்டிக் காலோடு அலைந்து ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அவள் புளி அள்ளப் போவதுபோலப் போய்க் கூடையோடு ஷூவையும் அள்ளிக்கொண்டு வந்தாள். கொல்லைப்புறமாக வழி காட்டினாள். "இப்டியே எறங்கு. நெல்லிவாசல்ல போய் வுடும். நிக்காம ஓடு சாமி."

நின்றால்தானே. முக்கால் மணி நேரத்தில் மைதானத்தில் இருந்தேன். முப்பது இளைஞர்களும் எப்போதோ வந்து சேர்ந்து, பொட்டலச் சோறு சாப்பிட்டு, வேப்பமர நிழலில் படுத்திருந்தார்கள். பெரிய மனிதர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நாடாவைத் தொட்டேன். நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவர் "ரோட்டு வழியாத்தான வந்தீங்க?" என்றார். "வேற வழி இருக்கா இன்னா?" என்றேன். முப்பத்தோராவது இடம் என்று எழுதி, சான்றிதழில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்.

ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார்கள். கம்பவுண்டர் எதையோ வாயில் அதக்கிக்கொண்டிருந்தார், புளியம்பழமாக இருக்க வேண்டும். நாடாவை ஏற்கெனவே சுருட்டிக் கட்டிவிட்டார்கள். ஆனாலும் அந்த இரண்டு கம்பங்கள் கிட்டே வந்ததும் இரண்டு பேரும் நின்று, கையைக் கோத்துக்கொண்டு நடந்து தாண்டினார்கள்.

"முந்திட்டியேய்யா, கிளார்க்கு!" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார் கம்பவுண்டர்.

"வழி தவறிட்டேன். எங்கெங்கியோ சுத்தினேன். உங்களத்தான் தேடினேன்" என்றேன். இரண்டு பேரும் ரொம்ப அக்கறையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். எவ்வளவு நல்லவர்கள், எதையும் நம்பிவிடுகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

சான்றிதழுக்குக் கம்பவுண்டர்தான் பிரேம் போட்டுக் கொண்டுவந்தார். என் வீட்டுக் கூடத்தில் அவரே ஆணி அடித்து மாட்டினார். காபி குடிக்க வரும்போதெல்லாம் மாஸ்டர் அதன் முன்னால் நின்று ஒரு தடவை வாசிப்பார். "முப்பத்தொண்ணாவது எடம்! நாங்க எங்க, நீ எங்க" என்பார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஏரிக்கரையில் மறுநாளிலிருந்து மறுபடி மூன்றாவதாக வந்துகொண்டிருந்தேன்.

மூன்று வருடம் கழித்து எனக்கு ஆரணிக்கு மாற்றலாயிற்று. சாமான்களை லாரியில் ஏற்றும் நாளில் இருவரும் வந்தார்கள். சான்றிதழ் பிரேமின் அளவிலேயே இன்னொரு பிரேமைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தார்கள். பிரித்தேன். பென்சில் ஓவியம். தாழ்ந்த கூரை போட்ட வீடு, வாசலில் உலரும் புளி, கவிழ்த்து வைத்த ஒரு கூடை. கூடையின் விளிம்புக்கு வெளியே வெள்ளைக் கேன்வாஸ் ஷூவின் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மாஸ்டரின் பந்தய நம்பர் இருந்தது.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அந்தப் புளியமரத்தடியில உக்காந்து போட்டது" என்றார் மாஸ்டர். "நேரம் நெறைய இருந்திச்சி."

"உன் ஷூ எனக்குத் தெரியாதாய்யா?" என்றார் கம்பவுண்டர். "வாத்தியாருதான் சொன்னாரு, ஒரு தபா முந்திட்டு போவட்டும், உக்காருன்னு. நீ வெளிய வரவேயில்ல, ஆச்சி ஒரு மணி நேரம். கால் மரத்துப்போச்சி எனக்கு."

நான் அழுதேன். சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மாற்றலுக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். கம்பவுண்டர் என் கையைப் பிடித்தார், மாஸ்டர் இன்னொரு கையைப் பிடித்தார், லாரி வரைக்கும் அப்படியே நடந்தோம். ஆரணி வீட்டில் ஒரே ஓர் ஆணிதான் அடித்தேன். அதில் மாஸ்டரின் படத்தை மாட்டினேன்.