நூல் கோக்காமல் தைத்தவள்

அடுத்த அறையில் பகடைகள் எவர்சில்வர் தட்டில் கடகடவென்று உருண்டு நின்றன. தொடர்ந்து கணினியில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. தையல்காரி இயந்திரத்தின் மிதியை அவசரமாக அழுத்தினாள். ஊசியில் நூல் இல்லை, அடியில் துணி இல்லை. அவளுக்குச் சத்தம் மட்டும் வேண்டியிருந்தது.

இயந்திரப் பலகையின் மேல் வரிசையாகக் கிடந்த மூன்று கைபேசிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தன. மூன்றிலும் ஒரே வரிதான். "பூதத்தின் கத்தி உங்கள் தலைகளை உரசிக்கொண்டு போகிறது. இப்போது என்ன செய்கிறீர்கள்?"

முதல் கைபேசியில் அவள் வைத்தியனாகி மந்திரம் சொன்னாள். இரண்டாவதில் திருடனாகித் தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். மூன்றாவதில் வீராங்கனையாகி வாளை உருவினாள். கால் மட்டும் மிதியை விடவில்லை.

அந்த அறையில் கதை நடத்திக்கொண்டிருந்தவர் அவள் கணவர். இருபத்தாறு வருடம் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னவர். மைக்காரர் என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் அவருக்குக் கழுத்தை நீட்டினாள். அந்தக் குரல்வளையிலேயே கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது தொண்டையில் ஒரு துளையும், அதை மறைக்க ஒரு துணியும், கழுத்தில் தொங்க ஒரு எழுதுபலகையும் மிச்சம்.

மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில்காரர் கற்றுக்கொடுத்ததுதான் இந்த விளையாட்டு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். வெட்டு பட்டதா தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். இப்போது மேசையும் கணினிக்குள் வந்துவிட்டது. அதற்கென்று பெரிய மன்றம் இருக்கிறது, ஆளுக்கொரு உறுப்பினர் எண் உண்டு, ஆட்டம் முடிந்ததும் முடிவைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். விளையாட்டே தெரியாமல் வருகிறவர்களுக்கென்று ஞாயிறு காலையில் புதியவர் மேசை. எழுதியே நடத்திக்கொள்ளலாம் என்று மன்றம் இரக்கப்பட்டு அவருக்கு அந்த மேசையைக் கொடுத்தது.

புதியவர்கள் வந்தார்கள். பத்து நிமிடம் திரையில் எழுத்தை மட்டும் பார்த்தார்கள். ஒருவருக்கு மின்சாரம் போனது, ஒருவருக்கு விருந்தாளி வந்தார், ஒருவர் சொல்லாமலே மறைந்தார். ஒரு ஆள் மட்டும் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போனான். "மைக்கப் போடுங்க சார். கதை கேக்கத்தானே வந்தோம், கடுதாசி படிக்கவா வந்தோம்?"

அன்று அவர் சாப்பிட எழவில்லை. எழுதுபலகையைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். மறுநாள் இரவு வரை அது இழுப்பறையை விட்டு வரவில்லை. மூன்று பேருக்குக் குறைந்த மேசை நான்கு வாரம் தொடர்ந்தால் மூடிவிடுவார்கள் என்பது மன்றத்தின் விதி. மேசை போனால் இந்த மனுஷனும் போய்விடுவார் என்று அவள் பயந்தாள்.

அடுத்த ஞாயிறு இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். அவள் மூன்றாவது ஆளானாள். அதற்கடுத்த வாரம் ஒருவர்தான் வந்தார், அவள் இருவரானாள். பிறகு ஒருவரும் வரவில்லை. பீரோவில் கிடந்த பழைய கைபேசிகள் இரண்டையும் தூசி தட்டி எடுத்தாள். வாராவாரம் புதுப் பெயர், புது எண். பதினோரு வாரத்தில் முப்பது பேராகப் பிறந்துவிட்டாள்.

இருபத்தைந்து வருட இல்லறத்தில் பேசாததையெல்லாம் அந்த மேசையில் பேசினாள். அவர் சத்திரக்காரனாக வந்தபோது சூப்பில் உப்பில்லை என்று திருடனாகச் சண்டை பிடித்தாள். "என் வீட்டிலும் ஒருத்தி இப்படித்தான், நான் சமைத்தால் குற்றம் சொல்வாள்" என்று அவர் எழுதினார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒரு வாரம் மின்மினி என்ற பெயரில் போனாள். ஆட்டம் முடிந்த பிறகு மின்மினி அவரிடம் எழுதினாள்: "நீங்க எழுதுறப்ப எனக்குக் குரல் கேக்குது. கனமான, நிதானமான குரல்."

அவர் பதில் எழுதினார்: "அந்தக் குரலை என் மனைவிகூட மறந்திருப்பாள். பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது."

அவள் மிதியை அழுத்த மறந்து அழுத நாள் அது. அவர் ஒரு நோட்டில் புதியவர்களின் பெயரையெல்லாம் எழுதி, இவர்கள் இப்போது எந்த மேசையில் எந்தக் கோட்டையைப் பிடிக்கிறார்களோ என்று பலகையில் எழுதி அவளிடமே காட்டிப் பெருமைப்படுவார். மின்மினியின் வரிகளுக்கு மட்டும் சிவப்புக் கோடு போட்டிருந்தார். அந்தப் பக்கத்தை அவளிடம் மூன்று முறை காட்டினார்.

போன வாரம்தான் அவளுக்குக் கை தவறியது. புதியவர் மேசைக்கு எப்போதும் ஒரே கதைதான். அவளுக்கு அது மனப்பாடம். கிணறு என்ற சொல்லையே அவர் இன்னும் எழுதவில்லை. அதற்குள் புதிதாய்ச் சேர்ந்த வீரன் ஒருவன், "கிணத்து மூடியைத் தொடாதீங்க" என்று மற்றவர்களை எச்சரித்துவிட்டான். அவர் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நோட்டில் எழுதினார். பதிவைப் படித்த மன்றத்து ஒருங்கிணைப்பாளருக்கு வேறு மாதிரி பட்டது.

இப்போது அழைப்பு மணி அடித்தது. அவள் கைபேசிகளை அப்படியே விட்டுவிட்டுக் கதவைத் திறக்க ஓடினாள். வெளியே நின்றவர்தான் அந்த ஒருங்கிணைப்பாளர். பிழைப்புக்கு மருந்துக்கடை நடத்துகிறவர். செருப்புக் கடைக்குத் திருட்டுச் செருப்போடு வந்தவர் போலக் கூசிக்கொண்டு நின்றார்.

"அக்கா, உங்ககிட்ட தனியா ரெண்டு வார்த்தை," என்றார். அந்த முப்பது பேரில் ஒருவர்கூட இதுவரை வேறு மேசையில் உட்காரவில்லை என்றும், எல்லா எண்ணும் இந்த வீட்டு இணைப்பிலிருந்தே வருகிறது என்றும் அவர் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோதே, பின்னாலிருந்து மைக்காரர் வந்துவிட்டார். திரையில் பார்த்த முகத்தை நேரில் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. விருந்தாளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். நம் ஒருங்கிணைப்பாளரே வந்திருக்கிறார், எல்லோரும் வணக்கம் சொல்லுங்கள் என்று மேசைக்கு எழுதினார்.

தையல் இயந்திரம் ஓடவில்லை. வீடு நிசப்தமாக இருந்தது. தையல் அறையில் இயந்திரப் பலகை ஒருமுறை அதிர்ந்தது. இன்னொருமுறை. மூன்றாவது முறை.

அவர் தலையைத் திருப்பினார். சற்று யோசித்து, மேசைக்கு ஒரு புள்ளியை மட்டும் அனுப்பினார். மூன்று அதிர்வு. இன்னொரு புள்ளி. மூன்று அதிர்வு.

அவர் எழுந்து போய்த் தையல் அறை வாசலில் நின்றார். மூன்று திரைகளும் விளக்கு போலப் பளிச்சென்றிருந்தன. ஊசியைத் தொட்டுப் பார்த்தார். நூல் இல்லாத காதை விரலால் தடவினார்.

"உங்களுக்காகத்தாங்க," என்றாள் அவள்.

விருந்தாளி வந்த காரியத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. பதினோரு ஆட்டத்தையும் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், மேசை இன்றோடு மூடப்படும், கேட்டுப் பார்த்தும் மேலே இருப்பவர்கள் இறங்கிவரவில்லை என்றார். "என்னை மன்னிச்சிருங்கண்ணே. ஆனா அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க."

மைக்காரர் நோட்டை எடுத்து வந்தார். பக்கங்களைப் புரட்டிச் சிவப்புக் கோட்டில் விரலை வைத்தார். பலகையில் எழுதி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இவளுமா?"

உண்மையைச் சொன்னால் செத்துப்போவார், பொய் சொன்னால் பிழைத்துக்கொள்வார் என்று அவளுக்குத் தோன்றியது. "இல்லைங்க," என்றாள். "இவ நானில்ல. இவ நிஜமாவே வந்தவ."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விருந்தாளியைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் குனிந்து காலணியின் நாடாவை இழுத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே முடிச்சுப் போட்டிருந்த நாடா. அதை அவிழ்த்து மறுபடி முடிந்தார். நிமிரவில்லை.

மைக்காரர் தலையாட்டினார். பலகையைக் கையால் துடைத்தார். கழுத்திலிருந்து கழற்றி, மூன்று கைபேசிகளுக்குப் பக்கத்தில், இயந்திரத்தின் மேல் வைத்தார். பிறகு தானே போய்க் கதவைத் திறந்து, வாசலில் நின்று விருந்தாளிக்குக் கைகூப்பினார்.

"வரேண்ணே," என்றார் மருந்துக்கடைக்காரர். பதில் வராது என்று தெரிந்தும் ஒரு நொடி காத்திருந்தார். பிறகு படி இறங்கினார். மைக்காரர் கதவைச் சாத்தித் தாழிட்டார்.