அக்கா கொடுத்த சிறுநீரகத்தோடு வாழ்ந்த சண்முகவேல்

வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியட். வகுப்பு வாசலில் சண்முகவேலின் அக்கா கணவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். "சார், மச்சான் போயிட்டாக" என்றார். கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றேன்.

நம் பள்ளியின் டிரில் மாஸ்டர் சண்முகவேலை உங்களில் பலருக்குத் தெரியும். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவனையும் விசில் இல்லாமல் திருப்பக்கூடிய குரல் அவருக்கு. அப்படிப்பட்டவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. மெட்ராஸில் ஆபரேஷன் நடந்தது. தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தவர் அவருடைய அக்கா கோமதி.

மாத்திரையால் முகம் உப்பி, அடையாளம் மாறித் திரும்பி வந்தார். தூசியில் நிற்கக் கூடாது, புறா அடையும் இடத்துக்குப் போகக் கூடாது, மண்ணைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் நின்றே கபடி நடத்தினார். "மண்ணுல புரண்டவனை மண்ணைத் தொடாதேங்காக. நல்ல பொழப்பு வே" என்று என்னிடம் சிரித்தார்.

மறு வருஷம் தலைவலி வந்தது. வெயில் என்று நினைத்தோம். பிறகு காய்ச்சல், வாந்தி. கழுத்தை வளைக்க முடியவில்லை. நான்தான் அவரையும் அக்காவையும் மெட்ராஸுக்குக் கூட்டிப்போனேன். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் பூஞ்சை. மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத்தான் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைத்திருந்தார்கள். மண்ணிலும் புறா எச்சத்திலும் இருந்தாலும் நம்மையெல்லாம் ஒன்றும் செய்யாத பூஞ்சை அந்த வழியாக நுழைந்துவிட்டது என்று டாக்டர் விளக்கினார். அதைக் கொல்லும் மருந்து சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும் என்றார்.

சண்முகவேல் என் கையைப் பிடித்தார். "அக்காட்ட சொல்லிராதேயும் வே. அவ குடுத்ததை நான் தொலைச்சேன்னு ஆயிரும். எனக்கு அந்த மருந்து வேண்டாம்."

பின்னால் நின்ற அக்கா கேட்டுவிட்டார். குரலை உயர்த்தவில்லை. "ஏலே, கிட்னியைக் காப்பாத்தவா உனக்குக் குடுத்தேன்? நீ இருக்கணும்னுதானல குடுத்தேன். போனா போவுது. மருந்தை ஏத்தச் சொல்லு."

ஏற்றினார்கள். பாட்டில் ஏறும்போதெல்லாம் குளிர்க் காய்ச்சல் தூக்கிப் போட்டது. மூன்று கம்பளிக்குள் பல் தந்தியடிக்க, "குத்தாலத்துல நிக்க மாதிரி இருக்கு வே" என்றார். வாரக்கணக்கில் அப்படியே போனது. பூஞ்சை ஒழிந்தது. சிறுநீரகம் தளர்ந்தது; ஆனால் நிற்கவில்லை. அதோடு நாலைந்து வருஷம் நம்மோடு இருந்தார். இந்த வருஷம்தான் அது ஓய்ந்தது. அவரும் ஓய்ந்தார்.

மெட்ராஸிலிருந்து திரும்பிய பிறகு வந்த அம்மன் கோவில் ஆடித்தபசுத் திருவிழா எனக்கு மறக்கவில்லை. ஊரே தெருவில் இருந்தது. கூட்டத்துக்குள் போகக் கூடாதென்று நானும் அவரும் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அக்கா கோவிலிலிருந்து, நோய் தீரப் பூசிக்கொள்ளும் புற்றுமண்ணோடு வந்தார். வழக்கம்போலத் தம்பியின் நெற்றிக்குக் கொண்டுபோன விரல் பாதியில் நின்றது.

"எனக்கும் சேத்து நீயே பூசிக்கோக்கா" என்றார் சண்முகவேல்.

அக்கா தன் நெற்றியில் கொஞ்சம் இட்டுக்கொண்டார். மீதியைச் சேலைக்குள் கைவிட்டு, இடுப்புக்கு மேலிருந்த ஆபரேஷன் தழும்பில் மெல்லத் தடவிக்கொண்டார். சண்முகவேல் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "சாருக்குக் காப்பி போடுதியா?" என்று கேட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சாயங்காலத்தை.