பழனிச் சாலையில் ஒரு கொட்டாவி: விமானி தங்கையோடு கார்ப் பயணம்

என் தங்கை நித்யா பயணிகள் விமானம் ஓட்டுகிறாள். போன மார்ச்சில் அவளுக்கு லீவு கிடைத்த வாரம், பாலசமுத்திரத்தில் அவளுடைய தோழிக்கு மாலை நான்கு மணிக்குக் கல்யாண வரவேற்பு. நானும் ஒட்டிக்கொண்டேன். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு அறுபது கிலோமீட்டர். பாலசமுத்திரம் அதற்குச் சற்று அப்பால். வாடகைக் கார், போக வர மூவாயிரம் ரூபாய்.

பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு மதியம் இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். (நீங்கள் அந்த நேரத்தில் புறப்படாதீர்கள்!) டிரைவர் செல்வராஜ் பழனிக்காரர், கலகலப்பான மனிதர். ஒட்டன்சத்திரம் சந்தையருகே அழுகிய வெங்காய வாடை வீச, ஏசியில் வெளிக்காற்று வரும் வழியை அடைத்துவிட்டார்.

ஊர் தாண்டியதும் பேச்சு அடங்கியது. முகத்துக்கு நேரே மேற்கு வெயில், நீண்டு கிடக்கும் சாலை, ஒரே சுதியில் எஞ்சின் இரைச்சல். எனக்குக் கண் சொக்கியது. திடீரென்று இடப்பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கித் தடதடத்தது.

"அண்ணே!" என்று முன்சீட்டிலிருந்து நித்யா கத்தினாள். செல்வராஜ் வண்டியைத் திருப்பிப் புளியமரத்தடியில் நிறுத்தினார்.

"ராத்திரி நல்லாத்தானுங்க தூங்குனேன்," என்றார், முகம் வெளிறி.

"உங்க மேல தப்பில்லண்ணே," என்றாள் நித்யா. "உள்ள சுத்துன காத்தே சுத்துது, கண்ணாடி வழியா வெயிலு, ஒரே இரைச்சலு. யாருக்கும் தூக்கம் வரும். எனக்கே கொட்டாவி வந்துச்சு. காக்பிட்லயும் இதே கததான். மேல போனா ஆக்சிஜனும் கொஞ்சம் கம்மி. ராத்திரின்னா வெளிச்சத்தையும் குறைச்சிருவோம்."

இளநீர் குடித்தோம், ஒன்று நாற்பது ரூபாய். கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் கிளம்பினோம். தலைமுடி பறந்து, செய்த அலங்காரமெல்லாம் போயிற்று. சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

"ஏனுங்கம்மா, பிளேன்ல ஜன்னலத் தொறக்க முடியாதுங்களே?"

"பக்கத்துல இருக்குற பைலட்டுகிட்ட 'தூக்கம் வருது'ன்னு சொல்லிருவேண்ணே. இதுல என்ன வெக்கம்? செத்த நேரம் அவரு பாத்துக்குவாரு."

சத்திரப்பட்டி தாண்டியதும் செல்வராஜ் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். "எனக்குத் தூக்கம் வருதுங்க!" என்றார், கல்யாணச் செய்தி சொல்பவரைப் போல. நாங்கள் கை தட்டினோம்.

இந்தச் சாலையில் போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். வெளிக்காற்று உள்ளே வரட்டும். முன்சீட்டில் உட்காருகிறவர் டிரைவரிடம் பேச்சுக் கொடுங்கள். வரவேற்புக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனோம். பந்தியில் எங்களுக்கு நடுவே செல்வராஜ் உட்கார்ந்து, இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினார்.