தண்ணீர் தூக்கிய புருஷன்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தின் வரிசை வீடுகள் அத்தனைக்கும் ஒரே குழாய். காலையில் பொம்பளைகள் நாங்கள் குடத்தோடு வரிசை கட்டி நிற்போம். ஆம்பளை எவனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான், கௌரவம் போய்விடுமாம். பக்கிரிசாமி ஒருத்தன் மட்டும் வருவான். ரயில் பட்டறையில் சம்மட்டி அடிக்கிற ஆள், பெண்டாட்டி மாரியாயிக்காகக் குடம் தூக்குவான்.

"மாரியாயி குடுத்து வெச்சவ" என்று குழாயடியே வாயைப் பிளக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பக்கத்து வீடு. அங்கே நடப்பதெல்லாம் பலகைச் சுவர் வழியாக என் காதில் விழுந்துகொண்டுதானே இருந்தது!

தண்ணீர் மட்டுமா? காய்கறி வாங்கப் பாசாருக்கும் அவனேதான் போவான். கோயிலுக்கு அவள் போனால் கூடவே வருவான். அவள் எங்களிடம் நின்று ஒரு வார்த்தை பேசினால், "வெயிலா இருக்கு, வா புள்ள" என்று இழுத்துக்கொண்டு போய்விடுவான். வீட்டுக்குள் நுழைந்ததும், "அந்த வீரம்மா என்ன கேட்டா? நீ என்ன சொன்ன?" என்று குடைச்சல் ஆரம்பிக்கும். வீரம்மா நான்தான். அடிக்க மாட்டான், கை ஓங்கியதே இல்லை. அழுவான். "ஒன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா" என்று அழுது அழுதே அவளை அடைத்து வைத்திருந்தான். இதற்குப் பெயர் பாசமாம், தூ!

என் புருஷன் நாகையா ஒரு குடம் தூக்கியதில்லை. நாங்கள் போடும் சண்டை லயத்தின் கடைசி வீடு வரை கேட்கும். ஆனால் யாரோடு பேசினாய், எங்கே போனாய் என்று அந்த மனிதர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம் மழைக்காலத்தில், கிள்ளானில் இருந்த மாரியாயியின் அக்கா தனலெட்சுமிக்குத் தலைப்பிரசவம். கடல் தாண்டி வந்தவர்கள் அக்கா தங்கை இரண்டு பேர்தான், பெற்றவள் ஊரில். "பயமா இருக்கு, வா" என்று அக்கா ஆள் அனுப்பியிருந்தாள். மாரியாயி போகட்டுமா என்று கேட்டதுமே பக்கிரிசாமி சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சுவரோரம் சாய்ந்து கண்ணீர் விட ஆரம்பித்தான். உடனே குழாயடிக் கூட்டம் கிளம்பி வந்து அவளுக்குப் புத்தி சொன்னது.

"சோறு தொடாமக் கெடக்குறாரு. இப்பிடி ஒரு புருஷன விட்டுட்டா போவ?"

அங்கே ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். இவர்களுக்கு இவன் பட்டினிதான் பெரிசாகப் போய்விட்டது!

மறுநாள் காலை மாரியாயியே குடத்தோடு குழாயடிக்கு வந்தாள். பின்னாலேயே அவனும் ஓடி வந்தான்.

"குடு புள்ள, கை வலிக்கும்."

"வலிக்கட்டும், விடுங்க."

அவன் குடத்தைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. வரிசையில் முதலில் நின்ற நான் ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டேன். குடம் நிரம்பியதும் தூக்கி அவன் காலடியில் வைத்தாள்.

"தண்ணி இருக்கு. ஒல வெச்சு வடிச்சுச் சாப்புடுங்க. எங்கக்காவுக்கு நான் வேணும், போறேன்."

"நீ போனா நான் செத்துப்போவேன்!"

"புள்ள பொறந்ததும் வந்துருவேன். அதுவரைக்கும் உசுரோட இருங்க."

ஈரச் சேலையோடு வண்டி போகும் சடக்கில் இறங்கி ரயிலடியைப் பார்த்து நடந்தாள். "பாவம் அந்த மனுஷன்" என்றது குழாயடி. அவளைப் பாவம் என்று சொல்ல ஒருத்திக்கும் நாக்குப் புரளவில்லை.

நான் வீட்டுக்கு வந்து நாகையாவிடம் பொருமித் தீர்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இங்க நின்னு கத்துறியே, அந்தப் புள்ள தனியாவா கிள்ளானுக்குப் போவும்? நீயும் கூடப் போ."

"ஒங்களுக்குச் சோறு?"

"எனக்கென்ன கையா இல்ல? ஓடு, ரயில் போயிறப் போவுது."